படம் உள்ளேதான் இருக்கிறது

"தம்பி, பேர் வருது, வீட்டு இலக்கம் வருது, வள்ளத்து இலக்கமும் வருது. படம் மட்டும் வருதில்லை."

கச்சான் காற்று புழுதியை அள்ளி என் கணினி திருத்தும் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாஸ்டர் புது லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு இப்படிச் சொன்னார். திருகோணமலை நிலாவெளி வீதியில் சாம்பல்தீவு தாண்டிக் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒரு ஊரின் வாசிகசாலைச் செயலாளர் அவர். எனக்கு ஆண்டு எட்டில் கணக்குப் படிப்பித்தவர். அவர் சொன்னது கணினியில் இருக்கும் ஊர்ப் பதிவேட்டைப் பற்றி. அதை எனக்கும் தெரியும். அதன் முதல் நூறு பெயர்களில் பாதியைத் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருவன்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் அந்த ஊருக்குள் வந்தது. அடுத்த சில மாதங்களில் எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யாருடைய வள்ளம் போனது, யாருக்கு நிவாரண அட்டை கிடைக்கவில்லை என்று எழுதி எழுதிக் கொப்பிகள் குவிந்தன. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊர் அது. பெயரைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியாமல் போனபோதுதான், ஒவ்வொருவருக்கும் ஒரு படமும் சேர்ப்போம் என்று வாசிகசாலையில் முடிவு செய்தார்கள். நன்கொடையாக வந்த ஒரு கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியும் ஒபிஸ் எக்ஸ்பியும் இருந்தன. பதிவேடு வைக்கும் செயலியான மைக்ரோசொப்ட் அக்சஸில் ஒரு படிவம் செய்து, இரவல் கமராவில் ஊரையே வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தோம். பின்னால் வாசிகசாலையின் பச்சைக் கதவு. எல்லாப் படத்திலும் அந்தக் கதவு இருக்கும்.

அப்போது எங்களுக்கு அது நிவாரணப் பட்டியல்தான். ஆனால் வீட்டுக்கு வீடு அல்பங்கள் கடலோடு போயிருந்தன. கலியாணப் படம், பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் படம், சாமத்தியச் சடங்குப் படம் எல்லாம் போய்விட்ட பிறகு, அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் கண் சுருக்கி நின்ற படம்தான் பலருக்கு ஒரே படமாக மிஞ்சியது. இது எங்களுக்குப் புரிய வருடங்கள் பிடித்தன. ஒவ்வொருவராக இறக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது.

பழைய கணினி போன மாரியோடு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தேன். தாய்ப்பலகையின் முனைகளில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்திருந்தது. கடலிலிருந்து ஐந்நூறு யார் தூரத்தில் சன்னல் திறந்துவைத்த அறையில் அது அத்தனை காலம் ஓடியதே பெரிய காரியம். நல்லவேளை, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய அகலப் பட்டி இணைப்புள்ள டிஸ்க். அதை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு சின்னக் கருவி என்னிடம் இருந்தது. பதிவேட்டுக் கோப்பு முழுதாக வந்தது. அக்சஸின் பழைய எம்டிபி வகை, கிட்டத்தட்ட 520 எம்பி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் படங்களை உண்மையிலேயே தொலைக்கிறார்கள். பழைய கோப்பு ஒன்று சரியாகத் திறக்கவில்லை என்றால் முதலில் அதைத் திருத்தப் போகாதீர்கள். கொப்பி எடுங்கள். ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு கணினியில். அக்சஸில் 'கொம்பக்ட் அண்ட் ரிப்பெயார்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நல்ல கட்டளைதான், ஆனால் கோப்பை முழுதாகப் புதிதாய் எழுதுகிற வேலை அது. பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று 2022 ஆம் ஆண்டை இங்கே கழித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொப்பியில் மட்டும் அதைச் செய்யுங்கள். மூலக் கோப்பை 'வாசிக்க மட்டும்' என்று குறித்துவிட்டு ஒதுக்கி வையுங்கள்.

சரி, திறந்தோம். விண்டோஸ் 11, புது ஒபிஸ், 64 பிட். பெயர்கள் முதலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தன. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதைப் போட்டதும் பெயர்கள் தமிழாகிவிட்டன. படங்களுக்கு வந்தபோது, "படம் வருதில்லை" என்ற ஒரு முறைப்பாட்டுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருப்பது தெரிந்தது.

412 பதிவுகள். அவற்றில் 238 இல், 2005 இல் நாங்கள் சேர்த்தவை, ஏழைத் தவிர மற்றவற்றில் படிவத்தில் படம் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் இருமுறை தட்டினால் திறக்காது, வெளியே எடுக்க முடியாது, அச்சிட்டால் மங்கல். அடுத்த 121 இல் படமே இல்லை. வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஐகனும் அதன் கீழே கோப்பின் பெயரும் மட்டும். கடைசி 53 இல் ஐகன்கூட இல்லை, வெறும் சாம்பல் பெட்டி. மூன்று காலத்தில் மூன்று பேர் மூன்று விதமாகப் படத்தைச் சேர்த்திருக்கிறார்கள். யாரிலும் பிழை இல்லை. அவரவர் காலத்துக் கணினியில் அது வேலை செய்தது.

கடைசி 53 தான் இலகு என்று அதிலிருந்து தொடங்கினேன். 2013 இல் ஊரிலிருந்த ஒரு கெட்டிக்காரப் பொடியன் படங்களைத் தனி போல்டரில் போட்டு, அவற்றின் பாதையை மட்டும் பதிவேட்டில் எழுத்தாக வைத்திருந்தான். ஒவ்வொரு பதிவுக்கும் போகும்போது சின்ன நிரல் ஒன்று அந்தப் பாதையைப் படித்துப் படத்தைக் காட்டும். இது உண்மையில் மிகச் சரியான முறை. அது ஏன் காட்டவில்லை என்றால் காரணங்கள் வெங்காயத் தோல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. முதலாவது, அக்சஸ் 2007 இலிருந்து நம்பகமில்லாத இடத்திலுள்ள கோப்பின் நிரல்களை அது தானாக ஓட்டாது. மேலே ஒரு மஞ்சள் பட்டி வரும், அதில் அனுமதி கொடுக்க வேண்டும். மாஸ்டர் அந்தப் பட்டியை விளம்பரம் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் மூடியிருக்கிறார். அனுமதி கொடுத்ததும் அடுத்த தோல். நிரலை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு செய்தி. படத்தைத் தேர்ந்தெடுக்கும் சன்னலைத் திறப்பதற்காக விண்டோஸின் உள்கட்டளை ஒன்றை அவன் நேரடியாக அழைத்திருந்தான். 32 பிட் காலத்து அறிவிப்பு அது. அப்படி ஒரு வரி இருந்தாலே முழு நிரலும் நின்றுவிடும், படம் காட்டும் பகுதிக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். அந்த வரியை எடுத்துவிட்டு, அக்சஸிலேயே உள்ள கோப்புத் தேர்வு வசதியை வைத்தேன்.

மூன்றாவது தோல் டிரைவ் எழுத்து. பாதை எல்லாம் 'டி' டிரைவ் என்று தொடங்கின. புது லப்டொப்பில் 'டி' டிரைவே கிடையாது. இனி எந்தக் கணினிக்குப் போனாலும் இந்த வில்லங்கம் வரக்கூடாது என்பதற்காகப் பாதையை வெட்டிக் கோப்பின் பெயரை மட்டும் விட்டேன். பதிவேடு எந்த போல்டரில் இருக்கிறதோ அதற்குள்ளேயே 'படங்கள்' என்ற போல்டரில் தேடும்படி நிரலை மாற்றினேன். 53 படமும் வந்தன, சில படுத்தபடி. கைத்தொலைபேசியில் எடுத்த படங்களில், எப்படிப் பிடித்து எடுத்தோம் என்ற குறிப்பு படத்துக்குள்ளேயே இருக்கும். புதுச் செயலிகள் அதைப் படித்து நிமிர்த்திக் காட்டும், பழைய படிவம் அதைக் கவனிக்காது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் நிமிர்த்திச் சேமித்தேன். அவ்வளவுதான்.

மற்ற 359 உம் அப்படியல்ல. அவற்றில் பெரும்பாலும் படம் பதிவேட்டுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அக்சஸில் ஒவ்வொரு பதிவும் பல பெட்டிகளாக, அதாவது புலங்களாக இருக்கும். அதில் 'ஓஎல்ஈ ஒப்ஜெக்ட்' என்று ஒரு புல வகை உண்டு. அதில் ஒரு படத்தைச் சேர்க்கும்போது, படக்கோப்பு அப்படியே உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதில்லை. அந்தக் கணினியில் படங்களைத் திறக்கும் உரிமை எந்தச் செயலியிடம் இருக்கிறதோ, அந்தச் செயலி படத்தைத் தன் கையால் பொதி கட்டிக் கொடுக்கும். பொதிக்கு மேலே தன் பெயரையும் எழுதிவிடும். பிறகு யாராவது திறக்க வேண்டுமென்றால் அதே பெயருடைய செயலி வர வேண்டும். ஒபிஸ் எக்ஸ்பியில் அந்த வேலையைச் செய்தது போட்டோ எடிட்டர். ஒபிஸ் 2003 இல் அதன் இடத்துக்குப் பிக்சர் மனேஜர் வந்தது. அது படங்களைக் காட்டும், திருத்தும், ஆனால் இப்படிப் பொதி கட்டும் செயலி அல்ல. 2008 இல் எங்கள் பழைய கணினியை அழித்துத் திரும்பப் போட்டபோது ஒபிஸ் 2003 ஐத்தான் போட்டார்கள். அன்றிலிருந்து சேர்த்த படங்களுக்குப் பொதி கட்ட ஆளில்லை. அந்த நேரத்தில் விண்டோஸ் என்ன செய்யும் என்றால், கோப்பை ஒரு பொதுவான உறையில் போட்டு, மேலே ஐகனையும் பெயரையும் ஒட்டிவிடும். அதற்குப் பெயர் 'பெக்கேஜ்'. அப்போது ஐகனை இருமுறை தட்டினால் படம் திறந்தது, அதனால் எவரும் கவலைப்படவில்லை. புது லப்டொப்பில் தட்டினால் சேர்வர் செயலியைக் காணவில்லை என்று செய்தி வந்தது.

மாஸ்டருக்கு இந்த 121 ஐப் பற்றித்தான் பெருங்கவலை. ஐகன் மட்டுமே தெரிவதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார். அந்த 121 இல் ஒருவர் அவருடைய பக்கத்து வீட்டு ஐயா. 2005 இல் நாங்கள் படம் எடுத்தபோது அவர் கொழும்பில் மகளுடன் இருந்தார். திரும்பி வந்தபிறகு 2009 இல்தான் அவரைப் பதிவில் சேர்த்தார்கள். 2010 இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவியை எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு துவசத்துக்கும் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெருப்பித்து வைத்த ஒரு புகைமூட்டமான படத்துக்குத்தான் அவர் மாலை போட்டு வந்தார். பதிவேட்டில் ஐயாவின் படம் இருந்திருக்க வேண்டுமே என்று மாஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட, ஆச்சி அடுத்த நாளே அவரோடு ஆட்டோவில் கடைக்கு வந்துவிட்டார்.

"அவற்ற படம் உள்ளுக்க இருக்கோ தம்பி?"

"இருக்கு ஆச்சி. எடுக்க வேணும், அவ்வளவுதான்."

நான் அதைத் துணிந்து சொன்னதற்குக் காரணம் இருந்தது. பெக்கேஜ் உறையின் ஒரு நல்ல குணம், உள்ளே இருக்கும் கோப்பை அது தொடாது. ஜேபெக் படம் ஜேபெக்காகவே, ஒரு பைட் மாறாமல் கிடக்கும். ஒவ்வொரு ஜேபெக் கோப்பும் 'எஃப்எஃப் டி8' என்ற இரண்டு பைட்டில் தொடங்கி 'எஃப்எஃப் டி9' இல் முடியும். புலத்தில் உள்ளதை அப்படியே பைட்டுகளாக வாசித்து, தொடக்கத்தையும் முடிவையும் கண்டுபிடித்து, நடுவில் உள்ளதை வெட்டித் தனிக் கோப்பாக எழுதினால் படம் வெளியே வந்துவிட வேண்டும். அக்சஸிலேயே இருபது வரி நிரல் எழுதினேன்.

இதற்கு இணையத்தில் தேடினால், முதல் 78 பைட்டைத் தள்ளிவிட்டு மீதியை எழுது என்று பல இடங்களில் சொல்லியிருப்பார்கள். அக்சஸோடு வந்த நோர்த்விண்ட் என்ற மாதிரிப் பதிவேட்டுக்கு அந்தக் கணக்குச் சரி. பொதியின் மேலே எழுதிய செயலியின் பெயர் நீளமானால் தலைப்பகுதியும் நீளும். எண்ணை மனப்பாடம் செய்து வெட்டாமல், தொடக்க அடையாளத்தைத் தேடி வெட்டுவதுதான் பிசகாத வழி.

ஓட்டினேன். படம் வந்தது. ஆனால் தபால் முத்திரை அளவில், 160க்கு 120 புள்ளி. எல்லாப் படமும் அப்படித்தான். கொஞ்ச நேரம் மனம் விழுந்துபோனது. ஆச்சி பின்னால் வாங்கில் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பிறகுதான் உறைத்தது. டிஜிட்டல் கமராக்கள் படத்துக்குள்ளேயே ஒரு குட்டிப் படத்தையும் வைத்திருக்கும், முன்னோட்டத்துக்காக. அந்தக் குட்டியும் ஒரு முழு ஜேபெக்தான், அதற்கும் தனித் தொடக்கம், தனி முடிவு. முதல் முடிவு அடையாளத்தைக் கண்டதும் என் நிரல் வெட்டியதால், பெரிய படம் குட்டியோடு அறுந்துவிட்டது. கடைசியில் வரும் 'எஃப்எஃப் டி9' வரைக்கும் போ என்று மாற்றினேன்.

ஐயா முழுதாக வந்தார். 1600க்கு 1200. வெள்ளைச் சேட், மேல் பொத்தான் போட்டிருக்கிறார், தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கிறார். பின்னால் அந்தப் பச்சைக் கதவு. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்து, வேறு எதையும் பேசாமல், "அண்டைக்குத்தான் இந்தச் சேட்டை ஸ்திரி போட்டுக் குடுத்தனான்" என்றார்.

எந்தத் தினம் என்று படத்துக்குள்ளேயே இருந்தது. கமரா எழுதிய திகதியும் நேரமும் அப்படியே. மாலை நாலே கால். ஆச்சி திகதியைக் கேட்டார், சொன்னேன், எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அடுத்தது எங்கள் கையால் 2005 இல் சேர்த்த 238. படிவத்தில் அழகாகத் தெரிந்தவை. இவைதான் இலகுவாக வரும் என்று நினைத்திருந்தேன், ஆனால் இவற்றில்தான் இழப்பு இருந்தது. போட்டோ எடிட்டர் பொதி கட்டியபோது ஜேபெக்கை விரித்து, புள்ளி புள்ளியாகப் பிட்மெப் ஆக்கி வைத்திருக்கிறது. கமரா எழுதிய திகதி, நேரம் ஒன்றுமே அதில் இல்லை. ஜேபெக்கே இல்லை என்பதால் என் நிரல் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கோப்பு ஏன் 520 எம்பிக்கு ஊதியது என்றும் இங்கேதான் தெரிந்தது. 640க்கு 480 புள்ளி, ஒரு புள்ளிக்கு 3 பைட். பெருக்கினால் 9,21,600 பைட். ஐம்பது அறுபது கிலோபைட் படம் ஒன்று உள்ளே போய் ஒரு எம்பிக்குக் கிட்ட ஆகிவிடுகிறது. போதாததற்கு, செயலி வைத்துக்கொள்ள ஒன்று, படிவத்தில் காட்ட ஒன்று என்று இரண்டு தடவை. அக்சஸ் கோப்பின் எல்லை 2 ஜிபி. இன்னும் ஆயிரம் பேரை அதே முறையில் சேர்த்திருந்தால் பதிவேடு நின்றுபோயிருக்கும்.

வெளியே தெரிந்த படங்களைவிட, தெரியாமல் கிடந்த படங்கள்தான் குறைவில்லாமல் பிழைத்திருந்தன. இது எனக்கு அன்று முழுவதும் மனதுக்குள் சுழன்றுகொண்டே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று மாஸ்டர் கவலைப்பட்ட படங்கள் அவை.

பிட்மெப்பை எடுக்க முதலில் தலைப்பைப் பார்க்காமல் நேரே புள்ளிகளை வரைந்தேன். திரையில் வந்தது தலைகீழாக, நீல முகத்தோடு ஒரு மனிதர். பிட்மெப் கீழ் வரியிலிருந்து மேலே போகும், நிறங்களும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் இருக்கும். இரண்டையும் நான் மறந்துபோயிருந்தேன். நிமிர்த்தி நிறத்தைச் சரிசெய்த பிறகு பார்த்தால் அது எங்கள் சம்மாட்டியார். கரைவலை இழுக்கும்போது அவர் குரல் அடுத்த ஊருக்கும் கேட்கும். அவருடைய படத்தை அப்படித் தலைகீழாகக் கொண்டுவந்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒழுங்காகச் செய்தேன். 40 பைட் நீளமான பிட்மெப் தலைப்பைத் தேடிப்பிடித்து, அதற்கு முன்னால் கோப்பாக மாற்றத் தேவையான 14 பைட்டை ஒட்டி எழுதினேன். எந்தப் படச்செயலியும் திறக்கும் கோப்பாக ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

எல்லாவற்றுக்கும் பெயரை அங்கத்துவ இலக்கத்தால் வைத்தேன். ஆளின் பெயரை வைக்காததற்குக் காரணம் பாமினி. அதை இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும்போது ஒரு கொம்பு, ஒரு புள்ளி இடம்மாறினால் படம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரே பெயரில் நாலு பேர் உள்ள ஊரில் அந்தப் பிழை சின்னப் பிழை அல்ல. பெயர் மாற்றத்தை மாஸ்டரும் நானும் இரண்டு இரவு இருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அவர் வாசிப்பார், நான் பார்ப்பேன். சில பெயர்களில் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுவார். வேலை மெதுவாகத்தான் போனது, அவசரமும் இல்லை.

பதிவேட்டில் இப்போது ஓஎல்ஈ புலம் இல்லை. படங்கள் எல்லாம் தனி போல்டரில் இருக்கின்றன, பதிவேடு பெயரை மட்டும் வைத்திருக்கிறது. கோப்பு 4 எம்பிக்கு இறங்கிவிட்டது. அக்சஸ் இல்லாத கணினியிலும், நாளைக்கு அக்சஸே இல்லாமல் போனாலும், போல்டரைத் திறந்தால் ஊர் அங்கே இருக்கும். பழைய 520 எம்பிக் கோப்பையும் அழிக்கவில்லை. அதன் ஒரு கொப்பி வாசிகசாலை அலுமாரியில், ஒன்று என்னிடம், ஒன்று மாஸ்டரின் மகன் வீட்டில் உப்புவெளியில். மூன்றும் ஒரே கடற்கரையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாலாவதைக் கண்டியில் இருக்கும் ஒரு சிநேகிதனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஏழு பேரின் படம் வரவில்லை. முதல் 238 இல் உள்ளவர்கள். அவற்றைச் சேர்க்கும்போது யாரோ 'லிங்க்' என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் படக்கோப்பு உள்ளே வராது, அது இருந்த இடத்தின் முகவரிதான் பதியும். முகவரி காட்டுவது ஒரு பிளொப்பி டிஸ்க்கை. அந்தக் காலத்து டிஸ்க்குகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எழுத்துகளைப் பார்த்தால் அந்த நாள் தட்டச்சில் இருந்தவன் நானாகவும் இருக்கலாம்.

ஏழு பேரின் பெயரையும் தாளில் எழுதி வாசிகசாலை அறிவித்தல் பலகையில் குத்தியிருக்கிறோம். இதுவரை இரண்டு வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒருவர் அடையாள அட்டையின் நிழற்பிரதி கொண்டுவந்தார். மற்றவர் ஒரு கலியாண வீட்டுப் படத்தைக் கொண்டுவந்தார். பந்தியில் பரிமாறிக்கொண்டு குனிந்திருக்கும் ஒரு பெண், முகத்தில் பாதி தெரிகிறது. இது அவதான் என்று அந்த வீட்டார் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்கான் செய்து, இலக்கத்தைப் போட்டு, போல்டரில் சேர்த்தாயிற்று.